அப்பாவின் காமிக்ஸும் என் ஸ்டீம் டெக்கும்

காலை எட்டு மணிவாக்கில் சிங்கப்பூரின் ஈசூனில் ரயில் ஏறினால், ஜூரோங் கிழக்கு வரை இரண்டையும் சேர்த்து 12 நிலையங்கள். ஒன்றுகூட நிலத்துக்கடியில் இல்லை. உட்லண்ட்ஸ் வரை தொந்தரவு கிடையாது. கிராஞ்சியை விட்டு ரயில் தெற்கே திரும்பியதும் இடதுபக்க ஜன்னல் வழியாக வெயில் நேராக மடியில் வந்து விழும். என் மடியில் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி, அதன் திரையில் காமிக்ஸ். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் துப்பாக்கியோடு நிற்க வேண்டிய இடத்தில் என் மூக்கும் மூக்குக்கண்ணாடியும், பின்னால் ஓடும் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளும் தெரியும். வெளிச்சத்தை முழுசாக ஏற்றினாலும் பிரயோஜனமில்லை. டெக்கைப் பைக்குள் தள்ளிவிட்டு, அதே பையிலிருந்து பழைய லயன் காமிக்ஸ் ஒன்றை வெளியே எடுப்பேன். தாளுக்கு வெயில் என்றால் கொண்டாட்டம். புக்கிட் பாத்தோக் வரை அதுதான்.

இரண்டையும் சுமந்துகொண்டு திரிவதைப் பார்த்து அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏதாவது ஒண்ணுல படிக்க வேண்டியதுதானே, எது நல்லா இருக்கு?" காப்பிக்கடையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்ன பதில் நீளமாகப் போய்விட்டது. அவருடைய தே ஓ (பாலில்லாத் தேநீர்) ஆறிப்போனது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

திரையில் முதலில் படித்தது பிஎஸ்பி என்ற சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியில். 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சாதனம், நான் வாங்கியது 2006இல், தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவை) போகும் முன். அந்தக் காலத்தில் கேமரா வைத்த கைப்பேசியை முகாமுக்குள் கொண்டுபோக முடியாது. எல்லாரும் கேமரா இல்லாத பழைய நோக்கியாவைத் தேடி அலைந்தார்கள். பிஎஸ்பியில் கேமரா இல்லை. பங்க்கில் (முகாமின் படுக்கை அறை) விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் ஒரு சின்ன வெளிச்சம், அவ்வளவுதான். மற்றவர்கள் அதில் கால்பந்து விளையாடினார்கள். நான் காமிக்ஸ் படித்தேன். மேல் கட்டிலில் இருந்த பையன் தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "டேய், ஐந்நூறு வெள்ளி கொடுத்து வாங்கி இதுல புக்கா படிக்கிறே?" என்றான். ஐந்நூறு இல்லை, நான் பழையதாக வாங்கினது. ஆனாலும் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதில் காமிக்ஸ் படிப்பதற்கென்று எதுவும் கிடையாது. படம் பார்க்கும் பகுதி மட்டும்தான். எனவே ஒவ்வொரு வார இறுதியும் புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் காமிக்ஸ் பெட்டியைத் திறந்து, சாகச நாயகி மாடஸ்டி பிளைசியின் கதை ஒன்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்வேன். பிறகு கணினியின் பெயிண்ட் நிரலில் வைத்து வரிசை வரிசையாக வெட்டி, பிஎஸ்பி திரையின் 480 புள்ளி (பிக்சல்) அகலத்துக்குச் சுருக்கி, 001, 002 என்று எண் போட்டு மெமரி ஸ்டிக்கில் ஏற்றுவேன். எண்ணில் முன்னால் சைபர் போட மறந்தால் 1க்குப் பிறகு 10 வந்துவிடும், கதாநாயகி செத்துப் பிழைத்துவிடுவாள். இருநூற்றுச் சொச்சம் துண்டுகள். இரண்டு வார இறுதி போனது. அம்மா, பையன் முகாமிலிருந்து வந்து தூங்காமல் கணினி முன் உட்கார்ந்திருக்கிறான், படிப்புப் பக்கம் மனசு திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அப்படி வெட்டிப் படித்தது எனக்கு உறுத்தவே இல்லை. ஏன் என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மாடஸ்டி முதலில் புத்தகமாக வந்தவளே இல்லை. 1963இல் லண்டனில் ஒரு மாலை நாளிதழில் தொடங்கிய தொடர் அது. நாளுக்கு ஒரு வரிசை, பெரும்பாலும் மூன்று கட்டம், அவ்வளவுதான். ஜேம்ஸ் பாண்டும் அப்படித்தான், 1958இலிருந்து நாளிதழ் வரிசை. அவற்றைப் புத்தகமாக்க வேண்டும் என்றால் வரிசையை உடைத்து மேலும் கீழுமாக அடுக்கியாக வேண்டும். நான் "பேப்பர் அனுபவம்" என்று உருகிய அந்தப் பக்கங்களே ஏற்கெனவே யாரோ கத்தரிக்கோல் போட்டு அடுக்கியவை. சில கட்டங்களில் கதாபாத்திரத்தின் முழங்கை ஓரத்தில் நறுக்கென்று முடிந்திருக்கும். நான் பெயிண்ட்டில் செய்ததும் அதே வேலைதான், திசை மட்டும் வேறு: அவர்கள் அடுக்கியதை நான் திரும்பவும் படுக்க வைத்தேன்.

டெக்ஸ் வில்லர் கதை இதைவிட வேடிக்கை. 1948இல் இத்தாலியில் டெக்ஸ் பிறந்தபோது அது ஒரு நீளவாக்குச் சின்னப் புத்தகம். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரிசைக் கட்டங்கள். சட்டைப் பையில் நுழையும் காசோலைப் புத்தகம் மாதிரி. பிற்பாடு மறுபதிப்பில் மூன்று வரிசையை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, 16 செ.மீ. அகலம் 21 செ.மீ. உயரம் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்த பக்கம் உருவானது. இன்றைக்கும் டெக்ஸ் பக்கத்தைப் பாருங்கள், மூன்று மாடிக் கட்டடம் போலத்தான் நிற்கும். ஒவ்வொரு மாடிக்கும் தனி வாசல். கையடக்கக் கருவியின் படுக்கைவாட்டுத் திரையைப் பார்த்தபோது எனக்கு அது புதுசாகவே தோன்றவில்லை.

ஆகவே நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: தாளா திரையா என்று கேட்காதே, அந்தக் கதை வரிசையாக வரையப்பட்டதா, பக்கமாக வரையப்பட்டதா என்று கேள்.

என் ஸ்டீம் டெக்கின் திரை 7 அங்குலம், 1280க்கு 800 புள்ளிகள். அளவுகோல் வைத்தால் அகலம் சுமார் 15 செ.மீ., உயரம் 9.4. என்னிடமுள்ள டெக்ஸ் இதழில் வெள்ளை ஓரத்தை விட்டுவிட்டு அளந்தால் படம் மட்டும் 14 செ.மீ.கூட வரவில்லை. அதாவது அகலத்துக்குப் பொருத்தினால் அச்சில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரிகிறது. ஒரு வரிசை முழுசாக, அடுத்த வரிசையின் தலை மட்டும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு தொப்பி தெரியும், யாருடைய தொப்பி என்று தெரியாது. இந்தச் சுகம் தாளில் இல்லை. தாளில் பக்கத்தைப் புரட்டிய உடனே கண் திருட்டுத்தனமாகக் கடைசிக் கட்டத்துக்கு ஓடிவிடுகிறது, யார் விழுந்தார் என்று பார்த்துவிட்டுத்தான் முதல் கட்டத்துக்கு வருகிறது.

ஆனால் கட்டம் கட்டமாகத் திரை தானாகவே நகர்ந்து காட்டும் வசதி எனக்குப் பிடிக்காது. 2009 கடைசியில் பிஎஸ்பிக்கென்றே டிஜிட்டல் காமிக்ஸ் கடை திறந்தார்கள், அதிலும் அப்படி ஒரு வசதி வைத்தார்கள். 2012இல் அந்தக் கடையே போய்விட்டது. கைப்பேசிச் செயலிகளில் இன்றும் இருக்கிறது. குழந்தைக்கு நிலாவைக் காட்டி ஒவ்வொரு உருண்டையாக ஊட்டுவது மாதிரி. ஒரு கட்டத்தில் நான் எவ்வளவு நேரம் நிற்பேன் என்பதை அது எப்படி முடிவு செய்யலாம்? பாலைவனத்தில் ஒருவன் குதிரையில் தனியாகப் போகிறான், வசனமே இல்லை, அந்தக் கட்டத்தில் எனக்கு ஒரு நிலையம் வரை வேலை இருக்கிறது.

எப்படி ஏற்றுவது என்று கேட்பவர்களுக்கு: டெக்கை டெஸ்க்டாப் மோடுக்கு மாற்றி யாக்ரீடர் என்ற காமிக்ஸ் படிக்கும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அது திறக்கும் சிபிஇசட் கோப்பு என்பது வேறொன்றுமில்லை, பெயர் மாற்றிய ஜிப் கோப்புதான். வலது தோளில் இருக்கும் ஆர்-ஒன் பட்டனுக்கு ஸ்பேஸ் பார் விசையைப் பொருத்திவிட்டால் ஒரே விரலில் கதை ஓடும்.

எல்லாம் இப்படி இனிப்பாக இல்லை. கௌபாய் நகைச்சுவைக் கதையான லக்கி லூக் ஆல்பத்தை அதில் படித்துப் பார்த்தேன். அது பக்கமாக வரையப்பட்டது, நான்கு வரிசை, கிட்டத்தட்ட ஏ4 அளவு. அகலத்துக்குப் பொருத்தினால் எழுத்து எறும்பாகிவிடுகிறது, பெரிதாக்கினால் பாதிச் சிரிப்பு திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதில் வரும் திருடர்களான டால்டன் சகோதரர்கள் நால்வரும் உயர வரிசையில் ஒன்றாக நின்றால்தானே நகைச்சுவை? இரண்டு பேர் மட்டும் திரையில் நின்றால் யாரோ இரண்டு பேர். மங்கா ஓரளவு பரவாயில்லை. ஜப்பானில் அந்தப் புத்தகங்களே சுமார் 11 செ.மீ. அகலம்தான், டெக்கைச் செங்குத்தாகப் பிடித்தால் ஏறத்தாழ அதே அளவு. இரண்டு பக்கத்தை அடைத்து ஒரே படம் வரும்போது மட்டும் நடுவில் பிளந்துவிடும்.

செங்குத்தாகப் பிடிப்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். டெக்கின் நீளம் 30 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, எடை 669 கிராம். நிமிர்த்திப் பிடித்தால் ஒரு கைப்பிடி வயிற்றில் ஊன்றும், இன்னொன்று கூரையைப் பார்க்கும். ரயிலில் அப்படிப் பிடித்து நின்றால் எதிரில் இருப்பவர் வீடியோ எடுக்கிறேன் என்று நினைத்து முறைப்பார். ஒருமுறை மல்லாந்து படுத்துப் படிக்கையில் கை தளர்ந்து மூக்கில் விழுந்தது. 669 கிராம் என்பதை மூக்கு மறக்காது. அப்பாவின் பழைய பாக்கெட் சைஸ் இதழைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 80 கிராம்கூட வரவில்லை.

சிங்கப்பூர் ஓவியர் சோனி லியூவின் சார்லி சான் ஹாக் சாய் காமிக்ஸ் புத்தகத்தைத் தாளில் மட்டும்தான் படிக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். 2015இல் சிங்கப்பூரில் வெளிவந்து, 2017இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்றை வாங்கியது. இல்லாத ஓர் ஓவியரின் பழைய காமிக்ஸ்கள் என்று சொல்லி, மஞ்சளேறிய தாளை, கறையைக்கூட வரைந்து வைத்திருப்பார். நூலகத்திலிருந்து எடுத்துவந்த பிரதியில், ஒரு கறையை உண்மையான காப்பிக் கறை என்று நினைத்து விரலால் தேய்த்தேன். திரையில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. திரையில் எல்லாக் கறையும் ஸ்கேன் கறைதான்.

இனி சிங்கப்பூரில் தாளைக் காப்பாற்றுவது பற்றி. எங்கள் வீவக வீட்டில் பாம் ஷெல்டர் இருக்கிறது. கனத்த இரும்புக் கதவு, சுற்றிலும் கான்கிரீட். குண்டு விழுந்தால் குடும்பம் ஒதுங்க வேண்டிய இடத்தில் இப்போது அரிசி மூட்டை, சூட்கேஸ், தீபாவளி விளக்குச் சரம், அப்பாவின் ஏழு காமிக்ஸ் பெட்டிகள். குண்டிலிருந்து காப்பாற்றும், ஈரத்திலிருந்து காப்பாற்றாது. காற்றோட்டம் இல்லாத அறை, இந்த ஊர்ப் புழுக்கம். மூன்றாவது பெட்டியைத் திறந்தபோது ராமபாணப் பூச்சி ஒன்று நிதானமாக நடந்து போயிற்று, வீட்டு உரிமையாளர் மாதிரி. என் மனைவி கதவருகில் நின்று, "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி முடிச்சதும் கராங்குனிக்குக் கொடுத்துடலாம்ல?" என்றாள். கராங்குனி என்றால் பழைய பேப்பர் வாங்குபவர். நான் பதில் சொல்லவில்லை. அவளும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

அதனால் போன டிசம்பர் விடுமுறையில் ஸ்கேன் வேலையில் இறங்கினேன். பழைய இதழின் நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். நாற்பது வருடப் பழைய பின் என்பதால் துருப்பிடித்து, சுற்றிலும் தாள் செம்மண் நிறமாகியிருக்கும். அதை இழுக்கக் கூடாது. நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் மடங்கிய கால்களை வெண்ணெய்க் கத்தி முனையால் மெதுவாக நிமிர்த்தி, பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து நகத்தால் தூக்க வேண்டும். பாதி உடைந்து வரும். தாள் ஸ்கேனர் கண்ணாடியில் படுக்கும்போது ஓரம் பொரியும், பொரி மாதிரித் துகள் விழும். ஒரு பக்கம் எடுத்ததும் தூரிகையால் கண்ணாடியைத் துடைக்காவிட்டால் அடுத்த பக்கத்தில் டெக்ஸுக்குப் பெரியம்மை வந்திருக்கும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். 14 செ.மீ. அகலத்துக்கு 1,650 புள்ளி கிடைக்கிறது, டெக்கின் திரைக்கு அது தாராளம்.

அதற்குக் குறைந்தால் என்ன ஆகும் என்று பிஎஸ்பி எனக்கு முகாமிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது. ஆங்கிலப் பலூன்களில் எல்லாம் பெரிய எழுத்து, எவ்வளவு சுருக்கினாலும் உயிரோடு இருக்கும். நம் எழுத்து அப்படி இல்லை. ஆங்கிலத்துக்கு வரைந்த பலூனுக்குள் நீளமான தமிழ் வார்த்தைகளை அமுக்கித் திணிக்க வேண்டியிருப்பதால் அச்சிலேயே எழுத்து பொடி. அதை 480 புள்ளிக்குச் சுருக்கினால் முதலில் சாவது மெய்யெழுத்தின் புள்ளி. "கல்" என்பது "கல" ஆகும், "சுட்டுவிட்டான்" என்பது "சுடடுவிடடான" ஆகும். அடுத்து மூன்று சுழி, இரண்டு சுழி வித்தியாசம் போகும். போர்வைக்குள் நான் படித்த மாடஸ்டி, புள்ளி இல்லாத ஓலைச்சுவடி. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று வைக்காமல் விட்டார்களாம், எனக்கு சோனியின் தயவில்.

அப்பாவுக்கு இப்போது 74. செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் சிராங்கூன் ரோட்டில் பத்திரிகைக் கடைக்குப் போய், அம்மாவுக்கு வார இதழும் தனக்கு முத்து, லயன், ராணி காமிக்ஸில் எது வந்திருக்கிறதோ அதுவும் வாங்கி வருவார். அட்டையில் ஊர் விலை ரூபாயில் இருக்கும், கடைக்காரர் வேறு விலை வெள்ளியில் சொல்வார். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கி இரும்புக்கை மாயாவியை முதல் இதழாகக் கொண்டுவந்ததிலிருந்தே அவர் வாசகர். நான் கையில் பிஎஸ்பியோடு அலைந்த காலத்தில், "பொம்மையில படம் பாக்குறான்" என்று உறவினரிடம் என்னைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான்.

போன வருடம் ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள், இன்னொன்றில் இன்னும் எடுக்கவில்லை. செய்தித்தாள் தலைப்பு படிப்பார், காமிக்ஸை விட்டுவிட்டார். கேட்டால், "இப்ப வர்ற கதை நல்லா இல்லைடா" என்பார். நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் செய்ததைச் சரிபார்க்க டெக்கை மேசையில் வைத்துவிட்டு ஒருநாள் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அப்பா நாற்காலியைச் சுவரோடு போட்டு, மடியில் தலையணை, தலையணைமேல் டெக்.

"இதுல எழுத்து பெருசா வருமா?"

"வரும்பா. இந்தக் குச்சியைத் தள்ளுங்க, நகரும்."

அவர் இடது குச்சியைத் தள்ளி, பலூனுக்குப் போகாமல், முதலில் டெக்ஸின் குதிரைக்குப் போனார். சேணத்தைப் பார்த்தார். பிறகு துப்பாக்கி. பட்டறைக்காரர், இரும்பு எங்கே இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார். அப்புறம் மெதுவாகப் பலூனுக்கு வந்தார். வாய்விட்டுப் படித்தார், ஒவ்வொரு மெய்யெழுத்தையும் அழுத்தி.

"புள்ளி தெரியுதுடா."

தாளில் அவருக்குப் புள்ளி போய் எத்தனை நாளாயிற்று என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அவர் தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு கதை படிப்பதால் இப்போது நான் வேலைக்கு டெக்கைக் கொண்டுபோவதே குறைந்துவிட்டது. ரயிலில் தாள்தான், கிராஞ்சி வெயிலுக்கும் அதுவே வசதி. சிவகாசியிலிருந்து சந்தாவில் வரவழைக்கும் புது இதழ்களுக்கு அஞ்சல் செலவைப் பார்த்து மனைவி பெருமூச்சு விடுகிறாள். அப்பாவுக்கோ டெக்கைப் பற்றி இரண்டு புகார்: கனம் அதிகம், விசிறி சுற்றி மேல் ஓரத்திலிருந்து சூடான காற்று வீசுகிறது. ஆர்-ஒன் பட்டனை மட்டும் நன்றாகப் பழகிவிட்டார். வரிசை முடிந்ததும் வலது கை ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஈரப்படுத்தி, பிறகுதான் அந்தப் பட்டனை அழுத்துகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பத்தான் சரியா புரளுது" என்கிறார். சாயங்காலம் வந்ததும் ஈரத் துணியால் அந்தப் பட்டனைத் துடைப்பது இப்போது என் வேலை.